அரச இலையும் ஒரு செம்புத் தகடும்: 10 நாள் அச்சோவியப் பட்டறை அனுபவம்

கோடை விடுமுறையில் 10 நாள் அச்சோவியப் பட்டறைக்கு, அதாவது செதுக்கிய பலகையிலோ தகட்டிலோ மை ஏற்றித் தாளில் படம் எடுக்கும் கலையைக் கற்க, போய்விட்டு வந்திருக்கிறேன். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு மை இன்னும் போகவில்லை. காலை 10 மணிக்கு உள்ளே நுழைந்தால் மாலை 5 வரை நின்றபடியே வேலை. கற்றுக்கொள்ள வந்தவர்கள் 12 பேர். சொல்லித்தர ஒரு மாஸ்டர், அவரிடம் முன்பு படித்த இருவர் உதவிக்கு. முதல் 6 நாள் மரபு முறைகள், அடுத்த 4 நாள் பரிசோதனை முறைகள் என்று பிரித்திருந்தார்கள். சேரலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேருங்கள். ஆனால் ஃபைல் நிறையப் படங்களோடு வீடு திரும்பலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நான் மனநிறைவோடு கொண்டுவந்தது ஒரு செம்புத் தகடும், அதிலிருந்து எடுத்த 7 தாள்களும்தான்.

நான் உயிரியல் டீச்சர். 18 வருடமாகக் கரும்பலகையில் இலை நரம்பு வரைகிறேன். மணி அடித்ததும் அடுத்த பாடத்துக்கு வருபவர் அழித்துவிடுவார். வரைந்த கோடு நிற்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட பிரதியாக நிற்க வேண்டும் என்ற ஆசையில்தான் சேர்ந்தேன். ஓவியம் முறையாகப் படித்தவள் இல்லை. எனக்கு இடப்பக்கம் நின்றது கவின்கலைக் கல்லூரிப் பையன் ஒருவன், வலப்பக்கம் ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி ஒருவர். உலோகத்தைத் தொட்ட அன்று அந்தப் பெரியவர்தான் எங்கள் எல்லாருக்கும் முன்னால் நின்றார். தகட்டின் விளிம்பை அரம் போட்டு 45 பாகைக்குச் சரிப்பது எப்படி என்று பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். விளிம்பு கூராக இருந்தால் பிரஸ்ஸில் தாள் அறுபடும், மேலே போடும் ஃபெல்ட் கம்பளமும் பாழாகும்.

முதல் நாள் லினோகட். ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத்தூளையும் சேர்த்துச் சணல் துணிமேல் படிய வைத்த தரைவிரிப்புத்தான் லினோ. குளிர்ந்து கிடந்தால் உளி பட்ட இடம் பொடிந்து உதிரும். வெயில் விழும் ஜன்னல் திட்டில் 10 நிமிடம் போட்டு எடுத்தால் உளி சத்தமில்லாமல் ஓடும். கோடையில் இந்தப் பட்டறையை வைத்ததில் இது ஒரு வசதி. ஆளுக்கொரு தமிழ் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கச் சொன்னார்கள். எனக்கு வந்தது ‘ழ’. அதன் கீழ்ச்சுழியில் உளியை வளைத்து வளைத்து ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடியது. மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்று, “உளியைத் திருப்பாதீங்க டீச்சர். லினோவைத் திருப்புங்க” என்றார். வலது கையை அசையாமல் பிடித்துக்கொண்டு இடது கையால் லினோவை மெல்லச் சுற்றினேன். கோலப்பொடி விழுகிற மாதிரி ஒரே சீராக வளைவு வந்தது. நம் எழுத்து முழுக்க வளைவுதான் என்பதால், இந்த ஒரு பாடத்துக்காகவே முதல் நாளில் எழுத்தைக் கொடுத்திருக்கிறார் என்று பிறகு புரிந்தது.

மறுநாள் ஒரே லினோவில் மூன்று வண்ணம். 1950களின் கடைசியில் பிக்காசோ கையாண்டு புகழ்பெறச் செய்த முறை இது. கொஞ்சம் செதுக்கி மஞ்சளை அச்சிட வேண்டும். அதே லினோவை மேலும் செதுக்கி அந்த மஞ்சள் மேலேயே பச்சை. இன்னும் செதுக்கிக் கறுப்பு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் லினோ குறைந்துகொண்டே வரும். முன் நிலைக்குத் திரும்ப முடியாது. அதனால் எத்தனை பிரதி என்பதை மஞ்சள் போடும்போதே முடிவு செய்துவிட வேண்டும். 10 தாளில் தொடங்கினேன். 4 தாளில் பச்சை ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. இலையின் ஓரத்தில் மஞ்சள் கீற்று எட்டிப் பார்க்கிறது. அந்த நான்கையும் தூக்கிப் போட மனசு வரவில்லை, வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் ஜப்பானிய முறை மர அச்சு. ஒரே நாளில் இது முடிகிற காரியமில்லை. தொட்டுக் காட்டினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் தாள் நகராமல் இருக்க மரத்திலேயே வெட்டி வைக்கும் கென்டோ குறிகளைப் பார்த்தபோது, முந்தைய நாள் என் பச்சை ஏன் தள்ளி விழுந்தது என்பது விளங்கிவிட்டது. ஒரு மூலையில் ‘ட’ போல ஒரு வெட்டு, அதே விளிம்பில் சற்றுத் தள்ளி நேராக ஒரு வெட்டு. தாளை முதலில் மூலையில் அணைத்து, பிறகு மற்ற வெட்டில் சேர்த்து, அப்புறம்தான் கீழே விட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் காலத்து அச்சுகளில் பல வண்ணங்கள் அப்படி அச்சாகப் பொருந்தியிருப்பது இந்த இரண்டு வெட்டை நம்பித்தான். இதை முதலில் சொல்லிவிட்டு லினோவுக்குப் போயிருக்கலாமே என்று கேட்டேன். அடுத்த தடவை மாற்றிக்கொள்வதாக மாஸ்டர் குறித்துக்கொண்டார்.

4, 5, 6 ஆகிய மூன்று நாளும் எட்சிங், அதாவது உலோகத் தகட்டை அரித்து, அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி அச்சிடும் முறை. நான் இந்தப் பட்டறையை யாருக்காவது சிபாரிசு செய்கிறேன் என்றால் இந்த மூன்று நாளுக்காகத்தான்.

செம்புத் தகட்டை முதலில் வெண்சுண்ணப் பொடி போட்டுத் தேய்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாகத் திரளாமல் முழுத் தகட்டிலும் ஒரே படலமாக நிற்க வேண்டும். ஒரு விரல் பட்ட எண்ணெய்ப்பசை இருந்தாலும் அந்த இடத்தில் தண்ணீர் விலகும். பிறகு பூசும் மெழுகும் அங்கே உரியும். அதன்மேல் சாஃப்ட் கிரவுண்ட் என்னும் இளகிய மெழுகுப் பூச்சு. நான் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்தது சதை நீங்கி நரம்பு மட்டும் மிஞ்சிய அரச இலை. அதைப் பூச்சின்மேல் வைத்து, மேலே ஒரு தாளைப் போட்டு, அழுத்தத்தைக் குறைத்துப் பிரஸ்ஸில் ஒரு ஓட்டு. இடுக்கியால் இலையை எடுத்தபோது, நரம்பு படிந்த இடத்தில் மட்டும் மெழுகு அதனோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கீழே செம்பு மின்னியது. நடுநரம்பு, கிளை நரம்பு, அதற்குள் வலைப்பின்னல், அதற்குள்ளும் ஒரு வலை. 18 வருடம் கரும்பலகையில் நான் மூன்றாம் நிலை நரம்போடு நிறுத்திக்கொண்டிருந்தேன்.

அரிக்க வைப்பதற்கு ஃபெரிக் குளோரைடு. நைட்ரிக் அமிலம் அந்த அறையில் கிடையாது என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள். அதை நான் பெரிதாக மதிக்கிறேன். செம்பை நைட்ரிக் அரிக்கும்போது கிளம்பும் நைட்ரஜன் டை ஆக்சைடு நுரையீரலுக்குக் கேடு. ஃபெரிக்கில் அந்தப் புகை இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு சிக்கல்: கோட்டுக்குள் வண்டல் படிந்து அரிப்பு மந்தப்படும். அதைக் கரைக்கக் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்க்கிறார்கள். ஆனாலும் துணியில் தெறித்தால் அந்தப் பழுப்புக் கறை போகவே போகாது, பழைய சட்டையோடு போங்கள்.

2 நிமிடம், 5, 10, 20, 40 என்று ஒரு சிறு துண்டுத் தகட்டில் சோதனை ஓட்டம் பார்த்தோம். 2 நிமிடக் கோடு மூச்சுக்காற்று மாதிரி. 40 நிமிடக் கோட்டை நகத்தால் தொட்டாலே பள்ளம் தெரியும். இலையின் நுனிப்பக்கத்தை 5 நிமிடத்தில் வார்னிஷ் போட்டு அடைத்தேன், நடுவை 15-இல், காம்பை 40 வரை விட்டேன். ஒரே இலை ஒளியிலிருந்து இருட்டுக்குப் போகிற மாதிரி இருக்க வேண்டும் என்று எண்ணம்.

இனிமேல் சொல்லப் போவதுதான் என்னை மாற்றிய பகுதி. தகடு தயாரானதும் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். மை துடைப்பதில்தான் பாதி ஓவியம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

லேசாகச் சூடேற்றிய தகட்டில் தார் போன்ற மையை அட்டைத் துண்டால் வழித்து வழித்து எல்லாக் கோட்டுக்குள்ளும் நிரப்ப வேண்டும். தகடு முழுக்கக் கறுப்பாகிவிடும். இப்போது கோட்டுக்குள் இருப்பதை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். டார்லட்டன் என்று கஞ்சி போட்ட வலைத்துணி ஒன்று இருக்கிறது. அதை இட்லி மாதிரி அடி தட்டையாகச் சுருட்டிக்கொண்டு வட்ட வட்டமாக ஓட்ட வேண்டும். அழுத்தினால் துணி கோட்டுக்குள் இறங்கி மையைத் தோண்டி எடுத்துவிடும். அழுத்தாவிட்டால் மேலே அழுக்கு நிற்கும். முதலில் துணி பிசுபிசுவென்று ஒட்டி இழுக்கும். பத்துப் பதினைந்து சுற்றுக்குப் பிறகு சத்தம் மாறும். உலர்ந்த இலையை உரசுவது போல ஒரு சரசரப்பு. அந்தச் சத்தம் கேட்டதும் துணியைக் கீழே வைத்துவிட வேண்டும். பிறகு பழைய டெலிபோன் டைரக்டரித் தாளை விரல்களுக்கு அடியில் தட்டையாக வைத்து ஒரு துடைப்பு. கடைசியாக, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கச் சதையில் துளி சுண்ணப் பொடி தடவி, வெளிச்சம் வேண்டிய இடத்தில் மட்டும் வெறுங்கையால் ஒரு வீச்சு.

நான் துடைத்து எடுத்த முதல் தாளில் இலை சுத்தமாக, தெளிவாக வந்திருந்தது. பாடப்புத்தகப் படம். எனக்கு மகிழ்ச்சி. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் அதே தகட்டில் மை பூசி அவரே துடைத்தார். இலையைச் சுற்றி மெல்லிய படலமாக மையை விட்டுவைத்தார், நுனிப்பக்கம் மட்டும் கைவீச்சில் வெளுக்க வைத்தார். பிரஸ்ஸிலிருந்து எடுத்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். அவருடையதில் இலை விடியற்காலைப் பனிக்குள் நிற்கிறது. ஒரு கோடுகூட வித்தியாசம் இல்லை. தகடு அதே தகடு. “நீங்க முழுக்கத் துடைச்சுட்டீங்க டீச்சர். கொஞ்சம் விடணும்” என்றார். மீதி இரண்டு நாளும் அந்த ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று கண்டுபிடிப்பதிலேயே போனது. அலுக்கவே இல்லை.

தகட்டில் மாற்றம் செய்து அச்சிடும் ஒவ்வொரு கட்டத்தையும் ‘நிலை’ என்பார்கள். மூன்றாவது நிலையில் நடுநரம்பின் ஓரத்தை டிரைபாயின்ட் ஊசியால் நேரடியாகக் கீறினேன். கீறும்போது செம்பு இரு பக்கமும் பிசிறாக எழும்பும். அந்தப் பிசிறு மையைப் பிடித்து வெல்வெட் போன்ற கறுப்பைத் தரும். பத்திருபது தாளுக்குள் பிரஸ்ஸின் அழுத்தத்தில் அது நசுங்கிவிடும். ரெம்பிரான்ட் 1653-இல் ‘மூன்று சிலுவைகள்’ என்னும் தகட்டை இந்த முறையில் செய்து, பிறகு அதே தகட்டைச் சுரண்டி, ஆட்களை அழித்து, இருட்டை இறக்கி வேறொரு படமாகவே ஆக்கினார். அதன் முந்தைய நிலை ஒன்றையும் பிந்தைய நிலை ஒன்றையும் மாஸ்டர் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். தகடு என்பது முடிந்துபோன பொருள் இல்லை என்பதை அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

இப்போது குறைகள்.

12 பேருக்கு ஒரே எட்சிங் பிரஸ். தாளை அரைமணி நேரம் ஊறவைத்து, உறிஞ்சுதாளுக்கு நடுவில் ஒற்றி, மினுமினுப்பு போய் ஈரம் மட்டும் நிற்கும் பதத்தில் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். அந்தப் பதம் சில நிமிடம்தான். வரிசையில் ஆறாவது ஆளாக நின்றால் தாள் காய்ந்துவிடும், தகட்டில் மையும் இறுகிவிடும். எனக்கு இரண்டு நல்ல துடைப்பு இப்படி வீணானது. ஐந்தாம் நாள் நாங்களே பலகையில் நேரம் எழுதி முறை போட்டுக்கொண்டோம், அதற்குப் பிறகு சரியாயிற்று. இதை நடத்துபவர்கள் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை பெரியது. அக்வாடின்ட் என்னும் எட்சிங் வகைக்கு ரோசின் தூள், அதாவது பைன் மரப் பிசின் தூள், தேவை. பெட்டிக்குள் தூளைக் கிளப்பிவிட்டு, அது தகட்டில் பனித்துளி போல இறங்கியதும் அடியில் சூடு காட்டி உருக்குவார்கள். துகள்களுக்கு இடையே அரிப்பு நடந்து, கோடே இல்லாமல் சாம்பல் நிறம் கிடைக்கும். ஸ்பெயின் ஓவியர் கோயா 1799-இல் வெளியிட்ட 80 படங்களின் இருட்டு இந்தத் தூளில் பிறந்ததுதான். ஆனால் ரோசினைச் சூடாக்கும்போது எழும் புகை ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது என்பது நன்கு தெரிந்த விஷயம். எங்களுக்குத் தந்தது மெல்லிய துணி முகக்கவசம். தூள் பறக்கக்கூடாதென்று ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். அன்று இரவு முழுக்க இருமினேன். மறுநாள் காலை மாஸ்டரிடம் சொன்னேன். தகராறு எதுவும் பண்ணாமல் சூடாக்கும் இடத்தை வராந்தாவுக்கு மாற்றினார், வடிகட்டி வைத்த முகக்கவசங்களையும் வரவழைத்தார். கேட்டதும் செய்தார்கள் என்பது உண்மை. யாராவது இருமிய பிறகுதான் செய்ய வேண்டும் என்பதில்லை என்பதும் உண்மை. நீங்கள் எங்கே சேர்ந்தாலும், எத்தனை பேருக்கு எத்தனை பிரஸ், ரோசினுக்கு என்ன ஏற்பாடு என்ற இரண்டையும் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

லித்தோகிராஃபி என்னும் கல் அச்சு முறையும் அறிவிப்பில் இருந்தது. நடந்தது இரண்டு மணி நேர விளக்கம் மட்டுமே. 1790களில் செனஃபெல்டர் கண்டுபிடித்த அந்த முறைக்கான கல்லை, எண்ணெய்ப்பசையும் தண்ணீரும் ஒன்றையொன்று விலக்குவதை, கண்ணால் பார்த்தோம், கையால் தொடவில்லை. விளக்கம் மட்டும்தான் என்று முன்பே எழுதியிருந்தால் வருத்தம் இருந்திருக்காது.

பரிசோதனை நாட்களில் கொலாகிராஃப் நன்றாக இருந்தது. அட்டையில் மணல், நூல், கிழிந்த சாக்குத் துணி எல்லாவற்றையும் பசையால் ஒட்டி, வார்னிஷ் அடித்து, அதையே தகடாக வைத்து அச்சிடுவது. அமிலமும் வேண்டாம், உளியும் வேண்டாம். பள்ளியில் பிள்ளைகளோடு செய்ய எனக்கு ஏற்றது இதுதான். ஆனால் விஸ்காசிட்டி முறையை ஒரே மாலைக்குள் திணித்தது தவறு. நம் நாட்டுக் கிருஷ்ணா ரெட்டி, பாரிஸில் ஹேட்டரின் அட்டெலியே 17 பட்டறையில் வேலை செய்த காலத்தில் வளர்த்தெடுத்த முறை அது. தகட்டை வெவ்வேறு ஆழத்துக்கு அரித்து, எண்ணெய் கூடிய மையைக் கெட்டி ரோலராலும், கெட்டியான மையை மெத்து ரோலராலும் ஏற்றினால், ஒரு மை இன்னொன்றை விலக்கி ஒரே ஓட்டத்தில் பல வண்ணமும் விழும். மையின் பதத்தைப் பிடிக்கவே ஒரு வாரம் வேண்டும். எங்களில் 12 பேருக்கும் கிடைத்தது சேற்று நிறம். அதைத் தனிப் பட்டறையாக வைத்தால் நான் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன்.

சயனோடைப்புக்கு வருகிறேன். ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டது. இரண்டு இரும்பு உப்புக் கரைசலைக் கலந்து தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, இலையை வைத்து வெயிலில் காட்டினால் போதும். மறு வருடமே அன்னா அட்கின்ஸ் என்னும் தாவரவியலாளர் இந்த முறையில் கடற்பாசிகளின் படங்களைப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். வகுப்பில் பாசிகளைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் நான் அவர் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன், இனிச் சொல்வேன். உச்சிவெயிலில் 10 நிமிடம். மஞ்சள்பச்சை, சாம்பல் நிறத்துக்கு மாறியது. தண்ணீரில் அலசியதும் நீலம் எழுந்தது, மறுநாள் காலையில் பார்த்தால் இன்னும் ஆழம். எங்களில் ஒருவர் சோப்புத் தண்ணீர் இருந்த தட்டில் தாளைப் போட்டுவிட்டார். காரம் பட்டு நீலம் மஞ்சளாக வெளுத்துப்போனது.

ஒன்பதாம் நாள், உலர்ந்த அந்த நீலத்தாளை மறுபடி ஈரமாக்கி, அதன்மேல் என் செம்புத் தகட்டை அச்சிட்டேன். எப்படித் துடைப்பது என்று யாரையும் கேட்கவில்லை. நுனியில் நன்றாக எடுத்தேன், காம்புப் பக்கம் மையைக் கொஞ்சம் விட்டேன். பிரஸ் சக்கரத்தைப் பெரியவர் சுற்றினார். தாளின் மூலையைப் பிடித்து மெல்ல உரித்தபோது, நீலத்தில் வெள்ளை நிழலாக வெயில் வரைந்த இலையும், அதன்மேல் சற்றே விலகிக் கறுப்பாகச் செம்பு வரைந்த இலையும் இருந்தன. கல்லூரிப் பையன் எட்டிப் பார்த்து, “டீச்சர், இதுக்கு நம்பர் போடுங்க” என்றான். பென்சிலால் இடது ஓரத்தில் 1/7 என்று எழுதினேன், வலது ஓரத்தில் கையெழுத்து.

மற்ற ஆறையும் பத்தாம் நாள் எடுத்தேன். அந்த ஏழில் மூன்றாவது தாளில் மட்டும் காம்பருகே கறுப்பு கொஞ்சம் கூடிவிட்டது. தகட்டைத் துடைத்து, பச்சைக் களிம்பு ஏறாமல் இருக்க மெழுகு தடவி, பழைய பருத்தித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். மூன்றாம் நிலையோடு நிற்கிறது. அடுத்த விடுமுறையில் அந்தக் காம்புப் பக்கத்தைச் சுரண்டி மெருகேற்றி, நான்காம் நிலை எடுக்க வேண்டும். இடம் இருக்கிறதா என்று மாஸ்டரிடம் இப்போதே கேட்டுவைத்திருக்கிறேன்.